வேஷத்தோடு போன அழுகை

தங்கவயல்
குரோதி வருஷம், வைகாசி மாதம் 10-ம் தேதி

ரங்கூனில் இருக்கும் என் கண்ணு பாப்பம்மாவுக்கு அம்மா மங்கம்மா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் ஆடு இரண்டும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை. எழுதித் தருவது அடுத்த லைன் வீட்டு லூயிசா டீச்சர், அவர்கள் வேதக் கோயிலில், கூத்து பார்ப்பதே பாவம் என்பார்கள், ஆனாலும் நான் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்கு இப்போது காலை ஷிப்ட். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கின அதே கூண்டு கேஜில்தான் அவனும் இறங்குகிறான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. வீட்டுக்குப் புதுத் தட்டி கட்டினார்கள், மழை ஒழுகவில்லை. பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர் ஈரம் நெஞ்சில் இறங்கிவிடும்.

உன் காகிதத்தை லூயிசா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அப்பா சாவுக்கு வாய்விட்டு அழுதாயா அம்மா, அடக்கி வைக்காதே என்று கேட்டிருக்கிறாய். அழவில்லை. மாசியில் போனார், இன்னும் அழவில்லை. ஏன் என்று உனக்குத்தான் சொல்கிறேன்.

நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறின பிறகு அப்பா நம் லைன் கூத்து ஜமாவில் பெண் வேஷம் கட்ட ஆரம்பித்தார், அது உனக்குத் தெரியும், பார்த்ததில்லை. ராஜா செத்து ராணி அழும் கட்டம் வந்தால் கல் உடைக்கிற ஆண்கள்கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். இதை எங்கே கற்றாய் முனியப்பா என்று கூத்து வாத்தியார் அப்பாவைக் கேட்டதற்கு வீட்டில்தான் என்றாராம். உன் தம்பி அம்மையில் போனபோது நான் அழுததைத்தான் அவர் ஆடினார். வலது கையைத் தூக்கி, கூந்தலை அவிழ்த்து ஒரு சுற்று சுற்றி, மண்ணை அறைந்து உட்காருவது. என் அம்மா அப்படித்தான் அழுவாள், ஆரணிப் பக்கம் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான், பிழைக்க இங்கே வந்தபோது சட்டி பானையோடு அதுவும் வந்தது. பெண்ணுக்குக் கூத்தில் ஏற இடமில்லை, அதனால் அவர் எடுத்துக்கொண்டு ஏறினார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். முந்தானையை எப்படி இழுப்பது என்று நானே சொல்லிக் கொடுத்தேன்.

பாறை சரிந்து அவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். நான் கையைத் தூக்கினேன், கூந்தலை அவிழ்த்தேன், சுற்றினேன். பக்கத்து வீட்டு சரோஜம்மா அழுதுகொண்டே, இன்னாடி இது, முனியப்ப அண்ணன் கூத்துல அழுவற மாதிரியே அழுவுறாளே என்றாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது. புருஷன் பிணத்தின் முன்னால் புருஷனைப் போல வேஷம் கட்டுகிறேனோ என்று எனக்கே பட்டது. கூந்தலை முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் சோறு தின்கிறேன், சுரங்கத்துக்கு மேலே கல் பொறுக்கும் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். மரத்துப்போன காலில் எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது எல்லாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கவேலு வந்தான், அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஆழத்து லெவலில் வேலை செய்தவன். திருவிழாக் கூத்தில் இனி அவனுக்குத்தான் பெண் வேஷம். சலங்கையையும் சேலையையும் கொடுத்தேன். இடுப்பில் குடத்தை வைத்துக் குழாயடி வரைக்கும் நடந்து வரச் சொன்னேன், லைனே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் நடை வந்துவிட்டது. அக்கா, அழுவறது மட்டும் வரமாட்டேங்குது, நீ ஒருவாட்டி அழுது காட்டு என்றான். காட்டினேன். கையைத் தூக்கி, சுற்றி, மண்ணை அறைந்து உட்கார்ந்தேன், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்டியே அண்ணன் மாதிரியே கீதுக்கா என்று கும்பிட்டுவிட்டுப் போனான். நன்றாக ஆடுவான், நல்ல பையன்.

அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். உன் தம்பி போன அன்று அம்மை வீடு என்று லைனில் ஒருவரும் வாசல் மிதிக்கவில்லை, உன் அண்ணன் அப்போது மாமன் வீட்டில் இருந்தான். நான் அழுததைப் பார்த்தது அப்பாவும் நீயும்தான். உனக்கு எட்டு வயது, கதவோரம் நின்றாய். இந்த ஊரில் இனி நான் எப்படி அழுதாலும் அது அவருடையதுதான். என்னுடையது என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான் மிச்சம்.

மாசியில் அவருக்கு வருஷத் திதி வருகிறது, மாப்பிள்ளையிடம் நல்லபடியாகக் கேட்டுப் புறப்பட்டு வா. மாப்பிள்ளைக்கு என் கும்பிடு, பிள்ளைக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் குறையில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். எனக்கு ரங்கூன் சேலை எதுவும் வாங்கிவர வேண்டாம். வந்து அன்றைக்குப் போலக் கதவோரம் நில், நான் அழுதுகொள்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா
மங்கம்மா கைநாட்டு