கட்டில் கப்பல்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று சொல்லிக்கொள்ள அது போதும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள், உன் முதுகுவலி விட்டதா, எழுது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தரையில் படுத்தால் எப்படிக் குறையும். கட்டில் எங்கே போனது என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன் தம்பி வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் போட்டோக் கடைக்காரரோடு சேர்ந்து நாடகம் போடுகிறான். அதே ஆள்தான், உன் கல்யாணத்தில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த படத்தில் என் தலையை மட்டும் விட்டுவிட்டு, கழுத்து வரைக்கும் நல்லா வந்திருக்கும்மா என்று சொன்னவர். நான் மறக்கவில்லை. அவர் எழுதின நாடகத்தில் வேலை போன ஒருவன், வீட்டில் அடுப்பெரிய வழியில்லை, கட்டிலைக் கப்பல் என்று சொல்லி, போர்வையைப் பாய்மரத் துணியாகக் கட்டி, பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு தேசம் தேசமாகப் போவதாக விளையாடுகிறான், அவர்களும் பசியை மறந்து சிரிக்கிறார்கள், கதை அவ்வளவுதான். அந்த ஆள் வேஷம் உன் தம்பிக்கு. கப்பல் என்னுடைய கட்டில். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் குளித்துவிட்டு வருவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மேடையோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன். வீட்டிலும் அதே கூத்துதான். குழாய் ஒழுகுகிறது என்றால், கடல் உள்ள வருதும்மா என்கிறான். பேத்திக்குச் செருப்பு அறுந்துவிட்டது என்றால், கப்பல்ல போறவளுக்குச் செருப்பு எதுக்கு என்கிறான். குழந்தை சிரிக்கிறாள், அவளுக்கென்ன. மருமகள் ஓட்டலில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு விரலை மடக்க முடியாமல் வந்து உட்காருவாள், அவள் கையில் வசனத் தாளைக் கொடுத்து எதிர் வசனம் படி என்பான். படித்துப் படித்து அவளுக்கு முழு நாடகமும் மனப்பாடம். எல்லாம் உங்கள் அப்பாவின் ரத்தம். மேனேஜர் ஆனதும் வாங்கப்போகும் சோபாவுக்கென்று அறையில் இடம் விட்டு, நம்மையெல்லாம் சுவரோரம் நெருக்கிப் படுக்கவைத்த மனிதர் அல்லவா அவர்.

இதற்கு நடுவில் பழைய முதலாளி ஆள் அனுப்பினார். புதுப் பட்டறை திறக்கிறாராம், மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் முதல் லேத் உன் தம்பிக்குத்தான், வராவிட்டால் வேறு ஆள். நாடகம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை நாடகம். பெண்டாட்டியாக நடிக்க வேண்டிய தையல்கடைப் பெண்ணுக்கு அன்றைக்கென்று காய்ச்சல். வசனம் தெரிந்த வேறு ஆள் யார், மருமகளைக் கெஞ்சி மேடையேற்றினார்கள். வேலைக்குப் போட்டிருந்த உடுப்போடே ஏறினாள். கடைசிக் கட்டம், ஏறிக்கோ, கப்பல் கிளம்பப் போகுது என்று இவன் கை நீட்ட, அவள் சிரித்துக்கொண்டே ஏற வேண்டும். ஏறவில்லை. இவன் மறுபடியும் கூப்பிட்டான். நீங்க போங்க, எனக்குக் கை வலிக்குது, என்னால இனிமே ஏற முடியாது என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த பேத்தி மட்டும், பாட்டி, அம்மா தப்பா சொல்லிட்டா என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் உன் தம்பிக்கு வாய் மூடவில்லை. என்னா நடிப்பு பாத்தியாம்மா, தாள்லயே இல்லாத வசனம்மா அது என்கிறான். அடுத்த ஆட்டத்திலும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று போட்டோக் கடைக்காரர் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் மருமகள் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் என்னிடம், அத்தை, மாசக் கடைசிக்குள்ள அவர் பட்டறைக்குப் போகலேன்னா நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், தடுக்காதீங்க என்றாள். அவளுக்கும் எனக்கும் ஒத்துவராது, வந்த புதிதிலேயே என் பெட்டியைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தவள். ஆனாலும் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் சொன்னால், உனக்கு நாடகம் புரியாதும்மா என்கிறான். நீ சொன்னால் கேட்பான். போனில் பேசாதே, போனை எடுத்தாலே அவனுக்கு மேடைக்குரல் வந்துவிடுகிறது. நாலு வரி எழுது. நாடகம் நன்றாக இருந்ததாமே என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. அவள் நடிக்கவில்லை என்று எழுது, போதும்.

நீங்கள் அத்தனை பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதைத்தான் படுக்கும்போதும் எழும்போதும் நினைக்கிறேன். தபால் மெதுவாக வருகிறது, இது கையில் கிடைத்த அன்றைக்கே எழுதிப் போட்டுவிடு. குளிர்காலம் வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதற்குள் மருமகள் குழந்தையின் கம்பளிச் சட்டைகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா