பதினேழாம் கேள்விக்கு நான் சொன்ன பதில்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நிலன் துணி ஒன்றும் காயவில்லை. ஃபேன் அடியில் கொடி கட்டி ஆறு ஜட்டி.

பதினொரு மணிக்கு போன். சென்னையிலிருந்து ஒரு பெண், பெயர் தேன்மொழி. மகன் நிலனுடைய இருதய ஆபரேஷனுக்கு உதவிய டிரஸ்டைப் பற்றி மதிப்பீடு செய்கிறார்களாம். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டிரஸ்ட் உதவி பெறும் சில குடும்பங்களை வீட்டிலேயே வந்து பார்ப்பார்களாம். வியாழன் காலை எங்கள் வீடு.

மாமியாரிடம் சொன்னேன். அவர் பார்வை நேரே வாஷிங் மெஷின் மேல்.

"இத்த பாத்தா இன்னா நெனைப்பாங்க? இவ்ளோ வசதி கீதே, அடுத்த ஆபரேசனுக்கு உதவி எதுக்குன்னு கேட்டா?"

இவரும் ஷிப்ட் முடிந்து வந்து அதையேதான் சொன்னார். இரண்டாவது ஆபரேஷன் தை கழிந்து. அதுவரை வாயை மூடிக்கொண்டு இரு என்றார். நான் இன்னும் எதுவும் பேசவே இல்லை.

நாளைக்கு: நிலன் ஃபைல் எடுத்து வைக்க. இருமல் மருந்து. டீத்தூள்.

நவ. 12, புதன்

மழை இல்லை, புழுக்கம். எதிர் மனையில் தேங்கிய தண்ணீரில் தவளைச் சத்தம்.

வாஷிங் மெஷின் மேல் பழைய போர்வை. அதன் மேல் பாத்திரக் கூடை. என் செயின் பீரோவில். பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவள், ஏழை மாதிரித் தெரிய வீட்டை ஒழுங்கு செய்கிறேன். மாமியார் யோசனை என்று எழுதலாம். போர்வையின் நுனியை இழுத்துவிட்டது நான்.

சாயந்திரம் செல்வி அக்கா போன். கடலோர ஊர்க்காரி, வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர். நிலனும் அவள் மகளும் ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டிலில் இருபது நாள். டிஸ்சார்ஜ் அன்று டிரஸ்ட் மேடம் எல்லா அம்மாக்களையும் நன்றி சொல்ல வைத்து வீடியோ எடுப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முடிந்தால் அழுதுகொண்டு. செல்வி அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். "பொட்டப் புள்ள மூஞ்சிய ஊர் பூரா காட்டி நான் கும்புடணுமா?" அதோடு சரி. அவள் மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய எக்கோ ஸ்கேன் இன்றுவரை எடுக்கவில்லை. போய்க் கேட்டால் லிஸ்டில் பெயர் இல்லை.

நான் வீடியோ கொடுத்தேன். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை நன்றாக அழுதேன்.

வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு போனும் வரலியேடி."

எப்படி வரும்? இப்போது லிஸ்டில் இருப்பவர்களிலிருந்துதான் குடும்பங்களை எடுத்திருக்கிறார்கள். விலக்கப்பட்டவளிடம் யாரும் கேட்கப் போவதில்லை. படித்த படிப்புக்கு இதுவாவது தெரிந்தது.

"நீதான் படிச்சவ. எம்பொண்ணுக்காக ரெண்டு வார்த்த சொல்லுடி."

"சொல்றேன்க்கா."

நவ. 13, வியாழன்

தேன்மொழி வந்தாள். சின்னப் பெண், நனைந்த செருப்பு, கையில் கேள்விகள் ஏற்றிய டேப். டீயை முழுசாகக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நிலன் போர்வையை இழுத்தான். கூடை உருண்டு, இரண்டு டம்ளர் அவள் காலடியில். "மிசினு," என்று காட்டினான்.

"அது ரிப்பேரும்மா," என்றார் மாமியார்.

அவள் சிரிக்கக்கூட இல்லை. "அம்மா, நாங்க உங்களுக்கு மார்க் போட வரல. டிரஸ்டுக்குத்தான் மார்க்."

குனிந்து டம்ளர்களைப் பொறுக்கினேன்.

மரியாதையாக நடத்தினார்களா? நன்று. மருந்து நேரத்துக்குக் கிடைத்ததா? நன்று. வீடியோவுக்கு அனுமதி கேட்டார்களா? கேட்டாங்க.

பதினேழாவது கேள்வி. உதவி நிறுத்தப்பட்ட வேறு குடும்பம் எதுவும் தெரியுமா? உங்கள் பெயர் டிரஸ்டுக்குப் போகாது என்றாள். போகாமலா இருக்கும்? இவர் ஷிப்டுக்குக் கிளம்பாமல் வாசல்படியில் நின்றார். நிலன் என் மடியில். சட்டைக்குள் அவன் தழும்பின் மேல் என் கை.

"இல்லைங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா, அவசரமில்ல."

"யாரும் இல்ல."

ராத்திரி இவர் பரோட்டா வாங்கி வந்தார். "நல்லா பேசினடி." மூன்று சாப்பிட்டேன். பசித்தது.

நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தினம். அங்கன்வாடியில் ஆளுக்கொரு மிட்டாய். நிலன் பேப்பரோடு வாயில் போட்டுக்கொண்டான்.

செல்வி அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.

"இன்னா, சொன்னியா?"

"அதெல்லாம் அவங்க கேக்கவே இல்லக்கா."

"அப்டியா. சரி வுடு." பிறகு நிலன் இருமல் எப்படி என்று கேட்டாள். வெற்றிலையை வாட்டி நெஞ்சில் போடச் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

நவ. 16, ஞாயிறு

மீன் குழம்பு. உப்பு போட மறந்தேன்.

மகளுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று செல்வி அக்கா போன மாதம் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே நான் துணி மடித்தேன்.

தேன்மொழிக்கு செல்வி அக்கா நம்பரை அனுப்பினேன். 'இவரிடமும் கேளுங்கள்.' அழித்தேன். மறுபடி அனுப்பினேன்.

'நீங்க குடுத்ததா சொல்லலாமா அக்கா?'

'வேண்டாம்.'

இதை நல்ல காரியம் என்று எழுதிக்கொள்ள மாட்டேன்.

நவ. 18, செவ்வாய்

வெயில். எல்லாத் துணியும் மாடியில்.

செல்வி அக்கா போன். "எவ நம்பர் குடுத்தாளோ, அந்தப் பொண்ணு வூட்டுக்கே வந்துச்சுடி. எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்று தேன்மொழி கேட்டாளாம். இன்னொருவரும் சொன்னால்தான் நடந்தது என்று எழுதலாம். இல்லையென்றால் ஒருத்தியின் புகார், அவ்வளவுதான்.

"நீ இன்னா சொன்னக்கா?"

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தா, பேரு ஞாபகம் இல்லன்னுட்டேன். உன் புள்ளைக்கு இன்னொரு ஆபரேசன் கீதுல்ல. நீ இதுல வராத."

சரிக்கா என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

இவர் ஷிப்டில். மாமியார் ரேஷன் கடையில். நிலன் தூக்கம். சோறு பொங்கி வழிந்தது, அடுப்பை அணைத்தேன்.

தேன்மொழி இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"பக்கத்துக் கட்டில் நான்தான்," என்றேன்.