பாட்டில் நீ விட்ட இடம்

என் தம்பி ரூபனுக்கு,

இன்று காலை பால் காய்ச்சுவதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும். கடலூரில் இப்போதெல்லாம் அதற்குத் தகுந்தபடிதான் எழுந்திருக்கிறோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உன் குழுவில் கீபோர்டு வாசிக்கும் சலீம் நேற்றுக் கொடுத்துவிட்டுப் போன சி.டி.யைப் போட்டேன். உன் குரல் வந்தது.

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய் இரண்டு வருடம் கழித்து உங்கள் குழு மறுபடி மேடை ஏறுகிறது. வரும் ஞாயிறு மாலை, சிதம்பரத்தில். உன் ஆல்ப்ஸ் பாட்டில்தான் தொடங்குகிறார்களாம். நீ பதிவு செய்து வைத்த குரலை ஸ்பீக்கரில் விட்டு, மற்றவர்கள் கூட வாசிப்பார்கள்.

சுவிட்சர்லாந்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல் வேலைக்குப் போனவன் நீ. சாக்லேட்டோடு வருவாய் என்று பார்த்தால், தோளில் அக்கார்டியனும் தொண்டையில் யோடலுமாக வந்தாய். அடிக்குரலிலிருந்து சட்டென்று உச்சிக்குத் தாவி, அதே வேகத்தில் இறங்கும் அந்த மலைப்பாட்டை, சலீமின் கீபோர்டோடும் ராக் கிடாரோடும் கலந்து கல்யாண ரிசப்ஷன்களில் பாடினாய். சேத்தியாத்தோப்பில் பெண்ணின் மாமா மேடைக்கே தண்ணீர் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா?

"தம்பிக்கு விக்கல் நிக்கல பாருங்க. மொதல்ல குடிக்கட்டும்."

நீ வாங்கிக் குடித்தாய். "இன்னும் ரெண்டு விக்கல் பாக்கி இருக்கு மாமா" என்று மறுபடி ஆரம்பித்தாய். அவர்தான் முதலில் கை தட்டினார்.

சலீம் நன்றாகத்தான் செய்திருக்கிறான். டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடிக்கிறது. ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. இன்னொரு தடவை கேட்டபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நீ விட்டிருந்த மௌனத்தை அவன் வெட்டி எடுத்திருந்தான்.

போன் செய்தேன். "சலீம், நடுவுல இருந்த எடமெல்லாம் எங்கப்பா?"

"அங்க சும்மா காத்துதான அக்கா ஓடுது. தாளம் நின்னு போவுது. இப்ப இருக்கற பவர்கட்டுல, கரண்ட் போச்சுன்னு ஜனங்க எழுந்து போயிடுவாங்க."

சிரித்துவிட்டேன். பிறகு, நீ எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். ஒரு மலையில் மாடு மேய்ப்பவர் பாடி நிறுத்துவார், எதிர்மலையிலிருந்து யாராவது பதில் பாடும்வரை காத்திருப்பார், அந்தக் காத்திருப்பும் பாட்டுதான் என்று.



"மச்சான் எங்கிட்ட இதச் சொல்லவே இல்லியே அக்கா. சரி, பழையபடி வெச்சிடறேன். ஆனா பதிலு யாரு பாடறது? மச்சான் மட்டும் கூப்புட்டுக் கூப்புட்டு நின்னா, நம்மளால கேக்க முடியுமா?"

"நீ மொதல்ல எடத்த வைப்பா" என்று மட்டும் சொன்னேன்.

உனக்கு இங்கே மலை கிடைக்கவில்லை. கெடிலம் ஆற்றைப் பிடித்தாய். ஆபீஸ் விட்டு வந்த என்னை, கையில் டிபன் கேரியரோடு அக்கரையில் நிறுத்திவிட்டு, இக்கரையிலிருந்து பாடினாய். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்னத்தாம்மா கூப்புடறாரு. கொரல் குடேன், பாவம்."

கொடுத்தேன். பாதியில் உடைந்தது.

"அக்கா, ஒடையறதுதான் யோடலே" என்று அங்கிருந்து கத்தினாய். அதன் பிறகு எத்தனையோ மாலைகள் அங்கே பாடினோம். நீ படுக்கையில் விழுந்த பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் பதிவைச் செய்தபோது, பதிலுக்கு இடம் விட்டாயே, யாரை நினைத்து விட்டாய்? எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். அதில் உட்காரமாட்டேன். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், மேடைக்கு நேர் எதிரே நிற்கப்போகிறேன். இதை சலீமிடம் சொல்லவில்லை, வீட்டில் உன் மாமாவிடமும் சொல்லவில்லை. நீ பாடு. நிறுத்தியதும், நீ விட்ட இடத்தில் என் குரல் வரும். உடைந்தாலும் வரும்.

எதிர்க்கரையில் நிற்கும்
உன் அக்கா
ஸ்டெல்லா