பெரிய முள் எட்டுக்கு வரும்வரை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும், உன் அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல எழுத வந்தேன், கை ஓடவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் என் மானம் போன கதையைக் கேள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை எழுந்ததும் கட்டிலில் கிடந்த போன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன், அது பாட்டுக்கு உங்கள் வீட்டு டேப்லெட்டுக்கு வீடியோ கால் போட்டுவிட்டது. மேலுக்குத் துண்டுகூட இல்லை, பல் செட் டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது, அந்தக் கோலத்தில் திரும்பிப் பார்த்தால் பேத்தி. தாத்தா உங்க வாய் எங்க போச்சு என்று கேட்டுச் சிரிக்கிறாள். நானும் அசடு வழிந்துகொண்டு அம்மாவைக் கூப்பிடும்மா என்றேன், இப்பதான் வேலைக்குப் போனாங்க என்றாள். சரி அப்பாவைக் கூப்பிடு என்றேன், பெரிய முள் எட்டுக்கு வந்தால்தான் தினமும் அப்பா வருவாங்க என்றாள். அவளுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி மூணு நிமிஷம், அங்கே சாயங்காலம். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயசுப் பிள்ளை, முப்பத்தேழு நிமிஷம் தனியாக, தினமும்.

போனை வைக்க மனசு வரவில்லை. பசிக்குது என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள், பிஸ்கெட் டப்பாவை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். அது தீயே தெரியாத கறுப்புக் கண்ணாடி அடுப்பு, அணைந்திருக்கிறதா எரிகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும், அவளோ அதன்மேல் ஒரு கையை ஊன்றி எட்டுகிறாள். இறங்கு இறங்கு என்று கத்தினேன், பல் இல்லாத வாயில் சத்தம் எங்கே வருகிறது, தாத்தா வெறும் காத்துதான் வருது என்று சிரித்துக்கொண்டே டப்பாவோடு இறங்கினாள். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் வாசல் மணி அடித்தது. சட்டென்று மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், யார் வந்தாலும் மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க என்று காதோடு சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டாம் தடவையும் மணி அடித்தது, யாரோ ஆம்பளைக் குரல் ஏதோ கேட்டது. இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா. பார்சல் கொண்டுவந்தவராக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பிள்ளையைத் தனியாக விட்டால் அங்கே அரசாங்கமே வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்று யாரோ ஒருவர் வீட்டுக் கதையைச் சொன்னது நீதான். சாவி சத்தம் கேட்டதும் தாத்தா வெச்சிடுங்க, உங்ககிட்ட பேசினதை அப்பாகிட்ட சொல்லாதீங்க, வெளிய தெரிஞ்சா அம்மா வேலை போயிடும் என்றாள், சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். வைத்துவிட்டேன். அவளைத் திட்டாதே, சத்தியத்தை மீறினவன் நான்தான். விடிகாலையில் ஏன் இப்படி வேர்த்து வடிகிறீர்கள் என்று உன் அம்மா கேட்டதற்குக் கெட்ட கனவு என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இங்க வந்து ஏழு மாசத்தில் எல்லாம் செட் ஆயிடுச்சுப்பா என்றாய், நானும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டு வைத்தேன். தினமும் அந்த நேரத்துக்கு நானே போனில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன், அவள் விழுந்தால் இங்கிருந்து கத்தத்தான் முடியும், எடுக்க முடியாது, அதனால் அந்த நினைப்பை விட்டுவிட்டேன். மருமகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை, அவள் ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், ஷிஃப்டு அவள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ உன் மேலதிகாரியிடம் போய் முப்பத்தேழு நிமிஷம் முன்னால் விடச் சொல்லிக் கேள், காலையில் முன்னதாக வந்து ஈடுகட்டுகிறேன் என்று சொல். இல்லாவிட்டால் நீங்கள் குடிவந்த அன்று சூப் கொண்டுவந்து கொடுத்த கீழ்வீட்டு அம்மாளிடம் கேள். கேட்டால் குறைந்துபோய்விடுவோம் என்று நினைக்காதே, அந்த வீம்பு என்னிடமிருந்து உனக்கு வந்தது, எனக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இந்த வாரமே கேள். அதுவரை பிஸ்கெட் டப்பாவைக் கீழே வை, அடுப்புக்கு மெயின் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிட்டுப் போகச் சொல்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை, பேத்திக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், அம்மா பக்கத்தில் இருந்தாள், சொல்லவில்லை. உன் தொடையில் இருக்கிற தழும்பு, அம்மா அசந்த நேரத்தில் நீ வெந்நீர்க் குண்டானைச் சாய்த்துவிட்டாய் என்றுதானே வீட்டில் எல்லாரும் சொல்வோம், நீயும் அவளை எத்தனையோ தரம் கிண்டல் பண்ணியிருக்கிறாய். அன்றைக்கு அவள் வீட்டிலேயே இல்லை. மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று உன்னை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போனாள், கால் மணி நேரத்தில் நான் டியூட்டி முடிந்து வந்துவிடுவேன் என்று நம்பித்தான் போனாள். பழியைத் தானே எடுத்துக்கொண்டாள், ஏன் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. எனக்கு அன்று டியூட்டி நேரத்துக்கே முடிந்துவிட்டது. டிப்போவில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
அப்பா