அழிக்கச் சொன்ன வெள்ளை

என் தனம் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி நான்கு வருடம் ஆகிறது. இங்கே ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

விழுப்புரத்தில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வாசலில் மாட்ட ஆளுயர மணப்பெண் படம் கேட்டார்கள். நான் உன்னை வரைந்தேன். அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, வாயோரத்திலும் விரல்களிலும் படர்ந்திருந்த வெண்புள்ளிகள், எல்லாம் அப்படியே. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்களே, அதே முகம்.

மண்டபத்துக்காரர் படத்தருகே வந்து குனிந்து பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். நல்ல காரியம் நடக்குற எடம். அந்த வெள்ளைய மட்டும் டச்அப் பண்ணி அழிச்சிக்கினு வந்துடுங்க."

"அது கறை இல்லீங்க. எங்க அக்கா."

"பேஜாரு பண்ணாதீங்க சார். வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

"வர்றவங்க பாக்கட்டும்னுதான் வரைஞ்சேன்" என்று சொல்லிவிட்டுப் படத்தை வேனில் ஏற்றித் திண்டிவனத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இந்த வீம்பு எனக்கு யார் கொடுத்தது? கலைக்கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் லீவில் வந்து உன்னை வரைந்தேன். புள்ளிகளை மறைத்து, மாநிறமாக, வழவழவென்று. உனக்கு நல்லது செய்ததாக நினைப்பு. கேப்பை புடைத்துக்கொண்டிருந்த நீ முறத்தை வைத்துவிட்டு வந்து பார்த்தாய்.

"நல்லாத்தான் இருக்குது. யாருடா இவ? ஊருதான் மூஞ்சிய திருப்பிக்கினு போவுது. நீயுமாடா?"

நீ அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றுதான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். உன் கையில் பழுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் ஓரத்தில் மெல்லிய ரோஜா நிறம் ஒன்று இருக்கும். அதைத் தூரிகையில் பிடிக்க இரண்டு வருடம் ஆனது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களை வரைந்தபோதும் அந்த நிறத்தைத்தான் தேடினேன். ஆனால் யாருடைய பாதிப்பு என்று பேட்டிகளில் கேட்டால் வெளிநாட்டு ஓவியர்களின் பெயரை அடுக்கினேன். உன் பெயரைச் சொல்ல முப்பது வருடம் கூச்சப்பட்டேனே, மன்னிப்பாயா?

இப்போது திண்டிவனத்தில் என் கண்காட்சி நடக்கிறது. நுழைந்ததும் அந்த மணப்பெண் படத்தில் நீதான் எதிரே நிற்கிறாய். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

நேற்று கிளியனூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். முந்தானையால் கைகளை மூடியிருந்தார். வெகுநேரம் உன்னையே பார்த்தார்.

"யாருங்க இவங்க?"

"எங்க அக்காங்க. பேரு தனம்."

மெல்ல முந்தானையை விலக்கினார். இரண்டு கைகளிலும் உனக்கு இருந்ததைப் போலவே புள்ளிகள். "அழகா இருக்காங்க" என்றார். பிறகு கைகளை மூடாமலே மற்றப் படங்களைப் பார்க்கப் போனார்.

இன்று காலை மண்டபத்திலிருந்து போன். வேறு பெண்ணை வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். வேறு ஓவியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அடுத்ததும் நீதான் அக்கா. வயலில், பஸ்ஸில், கோயில் கூட்டத்தின் நடுவில், நீ நிற்க நினைத்த இடத்திலெல்லாம் உன்னை நிறுத்துவேன். கையில் தூரிகை நிற்கும்வரை இது நடக்கும்.

உன் கூடப் பிறந்தவன்,
ஏழுமலை