பாதி மீசை

மார்ச் 4

அன்பு மருமகனுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மில் தீப்பிடித்த அன்று சாயங்காலம், உனக்கு ஆறு வயது, என் மடியில் ஏறி மீசையைத் தடவினாய். "அக்கா, இவன் பெரிய சரித்திரக்காரனா வருவான் பாரு" என்றேன். "முதல்ல மூக்கைச் சிந்தக் கத்துக்கட்டும்" என்றாள் உன் அம்மா. இப்போது உன் புத்தகம் மூன்றாம் பதிப்பு. தபால்காரரே என்னிடம் கையெழுத்து வாங்கினார். பதிவுத் தபாலுக்குத்தான், இருந்தாலும் பேனாவை நீட்டியதில் ஒரு மரியாதை தெரிந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். நாற்பத்தொரு பேரைப் பூட்டி வைத்துச் சாகவிட்டார்கள் என்பது கட்டுக்கதை, கதவு திறந்திருந்தது, பதறி மிதிபட்டுச் செத்தார்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டாய். "காவலாளியான என் மாமா தீக்குள் கைவிட்டுக் கதவைத் திறந்தார், அவருடைய கருகிய பாதி மீசையை நான் பார்த்தேன்." இந்த வரியைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினேன். சிலர் முகம் கொடுப்பதில்லை. வயிற்றெரிச்சல்.

உன் மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமா,

மில் வாசலில் நிற்கும் பெயர்க்கல்லை எடுக்கச் சொல்லி நகரசபைக்கு மனு கொடுத்திருக்கிறேன். 'பூட்டிக் கொல்லப்பட்டவர்கள்' என்று அதில் இருக்கிறது. உங்கள் வாக்குமூலம் வேண்டும். உயிரோடு இருக்கிற சாட்சி நீங்கள் மட்டும்தான்.

இந்தப் புத்தகத்துக்காகக் கல்லூரி என்னை வேலையிலிருந்து அனுப்பியபோதும், என் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோதும் அந்த மீசையை நினைத்துத்தான் நிமிர்ந்து நின்றேன். நாலு வரி போதும் மாமா. எதையும் கூட்டாதீர்கள்.

உங்கள் மருமகன்

ஏப்ரல் 2

மருமகனே,

நாலு வரி எனக்குத் தொண்டையைச் செருமவே போதாது. ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. தீ பனைமர உயரம் என்று போட்டிருக்கிறேன். குறைத்துத்தான் போட்டேன்.

மாமா

ஏப்ரல் 20

மாமா,

திங்கட்கிழமை கல்லை எடுத்துவிட்டார்கள். ஓர் அம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. "எங்க அக்கா பேரு இருக்கு. உங்க மாமாவைக் கேளு, அவருக்குத் தெரியும்" என்றார். "கேட்டாச்சும்மா" என்றேன்.

மருமகன்

மே 6

மருமகனே,

அந்த அம்மா இங்கேயும் வந்தாள். "அண்ணே, கதவு தொறந்துதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். பனைமரத்தை ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

ஆட்கள் உள்ளே போனதும் வெளியே பூட்டி, சாவியை நான் வைத்துக்கொள்வது வழக்கம். டீக்கு நழுவக் கூடாதென்று மானேஜர் உத்தரவு. அன்றைக்குச் சாவி என் சட்டைப் பையில். நான் எதிர்வரிசை சலூனில். புகையைப் பார்த்துக் குதிரை மாதிரி பறந்தேன். இல்லை, நடந்தேன். பூட்டைத் திறக்கும்போது உள்ளே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

இதை நகரசபையில் போய்ச் சொன்னேன். "பெரியவரே, ஆறு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கீங்க, இப்ப வேற கதையா?" என்று குமாஸ்தா சிரித்தான். டீக்கடையிலும் சிரித்தார்கள். நம்புகிறவன் நீ ஒருவன்தான் என்று உனக்கு எழுதுகிறேன். நீயும் நம்பமாட்டாய்.

மடியில் ஏறி, "மாமா, மீசை எங்கே?" என்று கேட்டாய். தீ தின்றுவிட்டது என்றேன். தீ இல்லையப்பா. சலூன்காரர் ஒரு பக்கம்தான் மழித்திருந்தார்.

மாமா