கட்டில் மேல் கோட்டும் ஜீன்ஸும்

என்னங்க,

தோசை மேஜை மேல் மூடியிருக்கிறது. காரை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் கிராப் டாக்சியில் வாருங்கள்.

கோட், ஜீன்ஸ், கேன்வஸ் சப்பாத்து மூன்றும் கட்டில் மேல் இருக்கின்றன. மற்றதெல்லாம் டோபி கடையில், சலவைக்கு.

போன மாதம் பெக்கோக் எஸ்டேட்டில் என் தம்பி கல்யாணத்துக்கு, நான் வாங்கித் தந்த பட்டு வேட்டியை விட்டுவிட்டு இந்தக் கோட்-ஜீன்ஸைத்தானே மாட்டிக்கொண்டு வந்தீர்கள்? கேட்டதற்கு, "எஸ்டேட் கல்யாணந்தானே, யாரு பாக்கப் போறா லா?" என்றீர்கள். என் அப்பா காதில் விழுந்தது. அவரேதான் உங்களுக்குப் பந்தியில் இலை போட்டார்.

இன்று உங்கள் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீங்கள்தான் மேடையில் சம்மணமிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஜீன்ஸில் உட்கார்ந்து காட்டுங்கள்.

பிரேமலா

பி.கு.: பட்டு வேட்டியைத் தேட வேண்டாம். என் தம்பி அதைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.